பூட்டிய ஒரு மரக்கோயிலும் உண்டு

புல் மூன்றாம் நாள் வெயிலில் கிடந்தது. ஊர்சோயா மலையில் புல்லுக்கு மூன்று நாள்தான். முதல் நாள் அறுத்துப் பரப்புவார்கள். இரண்டாம் நாள் புரட்டிப் போடுவார்கள். மூன்றாம் நாள் காலைப்பனி உலர்ந்ததும் வாரிக் குவித்து, பொழுது சாய்வதற்குள் கொட்டகையில் அடைத்துவிட வேண்டும். நான்காவது நாளை இந்த மலை யாருக்கும் லேசில் கொடுத்ததில்லை.

சவேத்தா ஒரு பிடி புல்லை எடுத்து முறுக்கிப் பார்த்தாள். முறுக்கியது மொறுமொறுவென்று பிரிந்தது. காம்புக்குள் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. இன்னும் ஒரு மணி நேர வெயில் போதும். காட்டுப்புதினாவும் மஞ்சள் பூக்களும் சேர்ந்து காய்ந்த அந்த வாசனை நெஞ்சுவரை இறங்கியது. நல்ல புல். ஐந்தாறு வருஷமாக இப்படி ஒரு புல் விளையவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

வீடு புல்வெளியின் அடியில் இருந்தது. உச்சியில், தேன்மணப் பூ பூக்கும் நான்கு கிழட்டு லிண்டன் மரங்களுக்கு நடுவே, மரக்கோயில். இரண்டுக்கும் நடுவில் கூரைபோலச் சரிந்து கிடந்த இந்தப் புல்வெளிதான் இரண்டு பசுக்களுக்கும் ஒரு குதிரைக்கும் ஏழு மாதப் பனிக்காலச் சாப்பாடு. புருஷன் கிளிகோர் பதினெட்டு நாளுக்கு முன் செர்ரி மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். புல்லை அறுத்துக் கொடுத்தது எதிர்மலை அனூட்சாவின் புருஷன் தோமா. மற்றவர்கள் எல்லாம் நேற்றே புல்லை உள்ளே சேர்த்துவிட்டார்கள். இவளுடையது மட்டும் ஒரு நாள் பிந்திவிட்டது. இது நனைந்து கறுத்தால் இலையுதிரும் காலத்தில் ஜோயானாவை விற்க வேண்டிவரும். ஜோயானா வியாழக்கிழமை பிறந்தவள். இந்தப் பக்கத்தில் பசுக்களுக்குக் கிழமைதான் பேர். பிறந்தபோது நான்கு இரவு கூடவே படுத்துக் காப்பாற்றிய கன்று. அதைப் பற்றி நினைக்கக்கூடாது என்று சவேத்தா, புல் வாருகிற மரப்பல் வாருகோலை எடுத்தாள்.

"ஏ சவேத்தா!"

வீட்டு ஜன்னலிலிருந்து கிளிகோரின் குரல். காலில் மாவுக்கட்டோடு கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு பதினெட்டு நாளாக அவன் அங்கிருந்துதான் மலையை ஆண்டுகொண்டிருந்தான்.

"என்ன மனுசா? காலையிலேருந்து இது பத்தாவது தடவ."

"காரு வருது. செவப்புக் காரு. பாலத்தத் தாண்டிருச்சு."

"வரட்டும். பனிக்குகைக்குப் போறவங்களா இருக்கும்."

"குகைக்குப் போறவன் எடது பக்கம் திரும்புவான். இது நேரா வருது. கோயிலுக்குத்தான். நான் சொல்லல?"

அவள் வாருகோலைப் போட்டு இழுத்தாள். கோடைக்கு நாலைந்து கார்கள் இப்படி வரும். எல்லாம் பனிக்குகையையும் அருவியையும் பார்க்க வருபவை. அருவிக்கு 'மணப்பெண் முக்காடு' என்று பேர். சவேத்தாவுக்கு அது குதிரை மிரண்டு நிற்கிற இடம். பனிக்குகையில் கோடையிலும் தரையெல்லாம் பளிங்கு மாதிரி ஐஸ் நிற்கும். கிளிகோருக்குக் கால் முறிந்த அன்று அதிலிருந்துதான் தோமா ஒரு வாளி ஐஸ் உடைத்துக்கொண்டு வந்து கட்டினான். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டு வாய் பிளந்து நிற்கிறவர்களைப் பார்க்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். சில நாள், ஆள் போன பிறகு, அவளும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். அப்படி நின்றதை யாரிடமும் சொன்னதில்லை.

கார் வீட்டு வேலியருகே நின்றது. இறங்கியவள் ஒரு நாற்பது வயதுப் பெண். தோளில் பை, கழுத்தில் கேமரா, காலில் நகரத்துச் செருப்பு. ஜன்னலில் கிளிகோரோடு அவள் பேசுவது தெரிந்தது. அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் கிளிகோரின் குரல் மலை முழுக்க எதிரொலித்தது.

"சவேத்தா! சீக்கிரம் வா! மாவட்ட ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்க! புஸ்தகத்துக்கு!"

சவேத்தா வாருகோலைப் பிடித்தபடியே நின்றாள். புஸ்தகம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் ஓர் ஆள் வந்தார். மாவட்டத்தில் பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் தொகுத்துப் புத்தகம் போட. அன்றும் புல் நாள். கோயில் சாவி எப்போதும் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் தொங்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். கேட்டு வந்தவரை வெறுமனே அனுப்பக்கூடாது. சாவியை அவர் கையில் கொடுத்தும் அனுப்பக்கூடாது. வீட்டு ஆளே கூடப் போய்த் திறக்க வேண்டும். நான்கு தலைமுறையாக அது கிளிகோர் வீட்டுப் பொறுப்பு. அன்றைக்கு அவன் முழங்கை நீளச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூரத்துப் புல்வெளிக்குப் போய்விட்டான். வந்தவர் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. பனிக்குகைக்கு இரண்டு பக்கம். அருவிக்கு ஒரு பக்கம், படத்தோடு. கடைசியில் ஒரு வரி: 'அருகில் பூட்டிய ஒரு மரக்கோயிலும் உண்டு.'

அந்தப் புத்தகம் இப்போதும் கிளிகோரின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பேச்சு சூடானால் எடுத்துக் காட்டுவான். அப்பன் இறந்தபோதுகூட அழாதவன், அந்த வரியைப் படித்த அன்று கொட்டகைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

சவேத்தா சரிவில் இறங்கி வந்தாள்.

"இன்னிக்கி முடியாது மனுசா. பாத்தியா, புல்லு காஞ்சு நிக்குது."

"கால் மணி நேரம். தொறந்து காட்டிட்டு வந்துரு."

"உன் கால் மணி நேரம் எனக்குத் தெரியாதா? போன வருஷம் அந்த ஜெர்மன்காரன நீ விடும்போது அவன் பொண்டாட்டி காருலயே தூங்கிட்டா."

"நான் போனாத்தான நேரமாகும்? நீதான் பேசவே மாட்டியே." அவன் குரல் தணிந்தது. "சவேத்தா, நீ அந்த ஒரு வரியப் படிச்சியா இல்லியா? மறுபடி அதையே போடச் சொல்றியா?"

வந்தவள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "என் பேரு ஸ்மரந்தா. அக்கா, உங்களுக்கு வேலைன்னா நான் இன்னொரு நாள்..." என்று இழுத்தாள்.

"எப்ப வருவீங்க?" என்றான் கிளிகோர்.

அவள் தயங்கினாள். "அச்சுக்கு வெள்ளிக்கிழமை குடுக்கணும்."

சவேத்தா ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். போகிற வழியில் அடுப்படிக்குள் எட்டி, தட்டில் ஆறிப்போன மக்காச்சோளக் களியில் ஒரு துண்டை வெட்டி, மேலே பாலாடைக்கட்டி வைத்து ஸ்மரந்தாவின் கையில் திணித்தாள். வந்தவருக்கு ஏதாவது கொடுக்காமல் கோயிலுக்குக் கூட்டிப்போவதும் வழக்கமில்லை.

"நரகச் சுவத்துக் கதையச் சொல்லு!" என்று பின்னாலிருந்து கத்தினான் கிளிகோர். "ஓவியக்காரன் கதைய! விட்டுடாத!"

"உங்க வீட்டுக்காரருக்குக் கோயில் மேல ரொம்பப் பிரியம்" என்றாள் ஸ்மரந்தா, களியை மென்றுகொண்டே.

"ஆமா. கோயிலக் கட்டிக்கிட்டு என்னைய வேலைக்கு வச்சிருக்கு."

ஸ்மரந்தா சிரித்தாள். சவேத்தா சிரிக்கவில்லை. புல்வெளியின் ஓரமாக, ஒரு புல்கூட மிதிபடாமல் அவளை நடத்திக்கொண்டு போனாள். மேற்கே கருங்கல் முகட்டின் பின்னால் வானம் வெளுப்பாக இருந்தது. வெளுப்பு நல்லதா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

கோயில் சின்னது. கருமரம். ஒரு ஆணிகூட இல்லாமல் மூலைக்கு மூலை கோத்துக் கட்டியது. செங்குத்தான மரஓட்டுக் கூரைக்கு மேல் ஊசி மாதிரி ஒரு மணிக்கூண்டு. வெயில் பட்ட பக்கம் வெள்ளி நிறமாகவும் நிழல் பக்கம் பாசி பிடித்துப் பச்சையாகவும் இருந்தது. ஸ்மரந்தா நின்றுவிட்டாள். கேமராவைக்கூட எடுக்கவில்லை. லிண்டன் மரங்களில் தேனீக்கள் மொய்த்து மரமே முனகுவது போலிருந்தது.

"கடவுளே" என்றாள் மெதுவாக. "இதையா ஒரு வரியில..."

சவேத்தாவுக்கு அது பிடித்திருந்தது. அந்த ஒரு வரி எழுதிய ஆளின் மேல் கிளிகோருக்கு வந்த கோபம் தனக்கும் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

கதவு குனிந்து போகிற உயரம்தான். உள்ளே முன்கூடம் இருட்டு. பெண்கள் நிற்கிற இடம். ஆண்கள் உள்கூடத்தில், பீடத்துக்குப் பக்கத்தில். முன்கூடத்தின் பின்சுவரில்தான் நரகம் வரைந்திருந்தது. முப்பத்தோரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் சவேத்தா இங்கே நின்றிருக்கிறாள், பீடத்தைப் பார்த்துக்கொண்டு, நரகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கல்யாணத்தன்று கிளிகோரின் சித்தப்பா ஒருவர் குடிபோதையில் அவளை அந்தச் சுவர் முன் இழுத்து நிறுத்தி, "பாரு, இந்த வீட்டுக்கு வந்த பொம்பளைக்கு இங்க எடம் தயாரா இருக்கு" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அன்றைக்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்மரந்தா பையிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்தாள்.

சுவர் விழித்துக்கொண்டது. சிவப்பும் கறுப்புமாக நெருப்பாறு ஒன்று கூரையிலிருந்து தரைவரை ஓடியது. அதன் ஓரத்தில் வரிசையாக ஆட்கள். கழுத்தில் திருகைக்கல் தொங்க, எடை ஏமாற்றிய மாவு மில்காரன். கள்ள அளவு ஊற்றிய சாராயக்கடைக்காரன். கோயில் நேரத்தில் தூங்கியவன் ஒருத்தன் இன்னும் கட்டிலோடு வருகிறான். அவனைப் பார்த்து ஸ்மரந்தா வாய்விட்டுச் சிரித்தாள்.

"இந்தம்மா யாரு அக்கா? கையில என்ன, சீப்பா?"

"வாருகோலு." சவேத்தா கிளிகோரின் கதையைச் சொல்லத் தொடங்கினாள். அவன் சொல்லி ஆயிரம் முறை கேட்டது. "இருநூறு வருஷத்துக்கு முன்ன ஊரூராப் போயி வரையற ஓவியக்காரன் ஒருத்தன் வந்தானாம். ரெண்டு கோடைக்காலம் எங்க வீட்லதான் தங்கினானாம். அந்த வீட்டுப் பொம்பள அவனுக்கு தெனமும் ஆறின களியப் போட்டாளாம். அந்தக் கோவத்துல அவளக் கொண்டுவந்து நரகத்துல..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அந்த லைட்ட இங்க காட்டுங்க ஆபீஸம்மா."

ஸ்மரந்தா வெளிச்சத்தைத் தாழ்த்தினாள்.

சிவப்பு முக்காடு போட்ட பெண். கையில் வாருகோல். அதன் பற்களை ஓவியன் ஒவ்வொன்றாக வரைந்திருந்தான். இடது கோடியிலிருந்து இரண்டாவது பல் இல்லை.

வெளியே தேனீக்களின் சத்தம் கேட்டது. அவள் இன்னும் கிட்டே போனாள். சரிவில் நின்று வாருகிறவர்களுக்கு எப்போதும் கீழ்ப்பக்கக் கோடிதான் கல்லில் மாட்டும். கோடிப் பல் தப்பிக்கும். அடுத்த பல் போகும். சமதரைக்காரர்களுக்கு இது தெரியாது. ஆண்களுக்கும் தெரியாது, அவர்கள் அறுப்பார்கள், வாருவதில்லை. கீழே புல்வெளியில் அவள் போட்டுவிட்டு வந்த வாருகோலிலும் அந்தப் பல்தான் இல்லை.

படத்தில் மேலே பிடித்த கையின் கட்டைவிரல் கோலைச் சுற்றிப் பிடிக்கவில்லை. கோலின் மேல் நீளவாக்கில் படிந்திருந்தது. கொப்புளம் வந்த பிறகுதான் அப்படிப் பிடிப்பார்கள். வெறுங்காலில் ஒரு பெருவிரல் மட்டும் மண்ணைக் குத்தி ஊன்றியிருந்தது. சாத்தான்கள் இரண்டு பேர் அவள் பின்னால் நின்றார்கள். இழுக்கவில்லை. வழி தெரியாதவர்கள் மாதிரி சும்மா நின்றார்கள்.

"என்ன அக்கா?"

"இது கோவத்துல வரைஞ்சதில்ல" என்றாள் சவேத்தா.

"பின்ன?"

சவேத்தா பல் இல்லாத இடத்தின் மேல் விரலை வைத்தாள். ஒருநாள் பார்த்துவிட்டு இதை வரைய முடியாது. இரண்டு கோடை முழுவதும், வேலையை விட்டுவிட்டு, சரிவைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறின களியைத் தின்றுகொண்டு.

"அப்ப நரகத்துல எதுக்குப் போட்டான்?" என்றாள் ஸ்மரந்தா.

சவேத்தா உள்கூடத்தைக் காட்டினாள். "சொர்க்கத்த மொத வருசமே முடிச்சுட்டான்னு எங்க மனுசன் சொல்லும். உள்கூடத்துல. ரெண்டாவது வருசம் மிச்சமிருந்தது இந்தச் செவுரு ஒண்ணுதான்."

ஸ்மரந்தா எழுதிக்கொள்ளத் தாளை எடுத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம். தூரத்தில் யாரோ காலிப் பீப்பாயை உருட்டுவது போல.

சவேத்தா வெளியே ஓடினாள். கருங்கல் முகட்டுக்கு மேல் மேகம் எழுந்து நின்றது. அடிவயிறு கறுத்து, ஓரம் பழுத்த மஞ்சளாக. ஆலங்கட்டி மேகம். காற்று நின்றுவிட்டிருந்தது. லிண்டன் மரங்களில் ஒரு தேனீகூட இல்லை. கீழே அவளுடைய புல் சரிவெல்லாம் பரந்து கிடந்தது, பொன் மாதிரி, அப்படியே.

அரை மணி நேரம். கூடினால் அரை மணி நேரம்.

ஓட எடுத்த கால் நின்றது. மேகம் கண்டால் மணி. சாவி வைத்திருக்கிறவர் அடிக்க வேண்டும். மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. மணிச்சத்தம் மேகத்தைப் பிளக்கும் என்று பாதிரியார் சொல்வார். பிளக்கிறதோ இல்லையோ, காட்டில் பழம் பறிக்கப் போனவர்களும் முகட்டில் ஆடு மேய்க்கிறவர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஒதுங்குவார்கள். மழை வந்து விழும்வரை நிறுத்தக்கூடாது. இத்தனை வருஷமும் கிளிகோர் மணியடிப்பான், அவள் புல்லை வாருவாள். இப்போது அடிக்கிறவனும் அவள்தான், வாருகிறவளும் அவள்தான்.

அவள் உள்ளே திரும்பி, முன்கூடத்தில் தொங்கிய மணிக்கயிற்றைப் பிடித்தாள். மூன்று. நிறுத்தம். மூன்று. மேலே மணி பேசியது. கயிறு உள்ளங்கைக் கொப்புளத்தை உரித்தது. அவள் கண்ணுக்கு நேரே அந்தப் பெண் வாருகோலோடு நின்றாள். ஜோயானாவின் ஈரமூக்கு ஞாபகம் வந்தது. கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை.

"அக்கா, அது உங்க புல்லுதானே, கீழ இருக்கறது?" என்றாள் ஸ்மரந்தா.

"ஆமா."

"நீங்க ஓடுங்க. நான் இழுக்கறேன்."

"இது வேத்து ஆளு தொடற கயிறு இல்ல."

"தொட்டா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. சாவியும் கயிறும் வேறு கைக்குப் போகாது, அவ்வளவுதான் தெரியும். கிளிகோர் ஜன்னலில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான். சவேத்தா சுவரைப் பார்த்தாள். பிறகு கயிற்றை ஸ்மரந்தாவின் கையில் வைத்தாள்.

"மூணு இழுப்பு. அப்புறம் நிறுத்தி மூச்சு விடணும். மறுபடி மூணு. மழை விழற வரைக்கும் விடாதீங்க."

"மூணு, நிறுத்தம், மூணு. போங்க!"

சவேத்தா சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கினாள். வாருகோலை எடுத்தாள். இழுத்தாள், குவித்தாள், இழுத்தாள். பின்னால் மணி ஒழுங்காகத்தான் கேட்டது முதலில். மூன்று, நிறுத்தம், மூன்று. பிறகு ஒரு இடி. ஸ்மரந்தா பயந்திருக்க வேண்டும். நிறுத்தம் போய்விட்டது. மணி மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாக அடிக்கத் தொடங்கியது.

சவேத்தாவின் வாருகோல் நின்றது. நிறுத்தமில்லாத மணி இந்த மலையில் ஒரே ஒன்றுக்குத்தான். தீ.

மேலே ஓடிப் போய்ச் சொல்ல நேரமில்லை. இரண்டு குவியல் முடிவதற்குள் எதிர்மலை வீடுகளிலிருந்து ஆட்கள் புள்ளி புள்ளியாகக் கிளம்பிவிட்டார்கள். கையில் வாளி, கவைக்கோல், கோடாலி. முதலில் வந்து சேர்ந்தவள் அனூட்சா. ஐம்பது வயதில் கன்றுக்குட்டி மாதிரி ஓடி வந்து மூச்சிரைக்க நின்றாள். இரண்டு வாளித் தண்ணீரில் முக்கால்வாசி அவள் பாவாடையில் இருந்தது.

"எங்கடி தீ? கோயிலா? வீடா?"

"தீ இல்ல அனூட்சா."

"தீ இல்லியா? அப்ப மணி?"

"ஆபீஸம்மா அடிக்கறாங்க. புதுசு."

அனூட்சா கோயிலைப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள். பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். ஆபீஸையும் ஆபீஸம்மாவையும் அவள் ஏழு தலைமுறையையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வாளியைக் கவிழ்த்துவிட்டுப் பாவாடையை இடுப்பில் செருகிக் குனிந்து கைகளாலேயே புல்லை அள்ளத் தொடங்கினாள். "ஏ தோமா! நின்னு வேடிக்கை பாக்காத! கவைக்கோலு எதுக்கு வச்சிருக்க, பல்லு குத்தவா?" பின்னால் ஓடி வந்தவர்களும் கேட்டார்கள், திட்டினார்கள், அள்ளினார்கள். பதினோரு பேர். தீயணைக்க வந்தவர்களின் வேகம் அந்தக் கைகளில் அப்படியே இருந்தது. கொட்டகைக் கதவு விழுங்கிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் சவேத்தா அவனைப் பார்த்தாள்.

கிளிகோர் வீட்டுக்கும் புல்வெளி நடுவுக்கும் பாதி வழியில், உட்கார்ந்த நிலையில், கைகளை ஊன்றிப் பின்பக்கமாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். மாவுக்கட்டு மண்ணில் இழுபட்டு அடியில் நைந்திருந்தது. கழுத்தில் வாளி தொங்கியது. முகம் பழங்கஞ்சி நிறத்தில் இருந்தது.

அவள் ஓடிப் போனாள். "ஏ மனுசா! பைத்தியமா ஒனக்கு? கோயிலுக்கு ஒண்ணும் இல்ல! தீ இல்ல!"

அவன் கோயில் பக்கம் திரும்பவேயில்லை. அவளுடைய கையைப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை அவளைப் பார்த்தான்.

"நீ உள்ள இருந்தியே" என்றான்.

இரண்டு பேரும் சரிவில் அப்படியே இருந்தார்கள். சுற்றிலும் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். முதல் துளி, நாட்டுக்கோழி முட்டை கனத்தில், அவள் புறங்கையில் விழுந்தது.

"யாரு மணி அடிக்கறது?" என்றான் கடைசியில்.

"ஆபீஸம்மா."

"கயித்தக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

அவள் காத்திருந்தாள். அவன் தலையைச் சாய்த்து மணியைக் கேட்டான். மூச்சு விடாமல், நெஞ்சு வெடிப்பது போல், அது அடித்துக்கொண்டே இருந்தது.

"பலமாத்தான் இழுக்கறா" என்றான்.

"ஏ ராசா ராணி!" என்று அனூட்சா மேலிருந்து கத்தினாள். "கொஞ்சிக் குலாவறத அப்புறம் வச்சுக்கங்க! இந்தக் கீழ்ப்பக்கம் யாரு உன் அப்பனா வாருவான்?"

சவேத்தா எழுந்தாள். தோமாவின் கவைக்கோலைப் பிடுங்கிக்கொண்டு, தன் வாருகோலைக் கிளிகோரின் மடியில் போட்டாள். "உக்காந்த எடத்துல எட்டற வரைக்கும் இழு."

அவன் வாழ்நாளில் வாருகோலைத் தொட்டதில்லை. ஆண்பிள்ளை கையில் வாருகோல் என்றால் ஊரே சிரிக்கும். தோமா சிரித்தான்தான். கிளிகோர் காலை நீட்டி உட்கார்ந்தபடி இழுத்தான், கோணலும் மாணலுமாக. சுற்றிக் கை எட்டுகிற வட்டத்தில் ஒரு குவியல் சேர்ந்தது. கூடை அளவுகூட இல்லாத, கோழிக்கூடு மாதிரி ஒரு குவியல்.

பிறகு ஆலங்கட்டி கொட்டியது. எல்லோரும் கொட்டகைக்குள் ஓடினார்கள். கிளிகோரைத் தோமாவும் இன்னொருவனும் சாக்கு மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்து புல்லின் மேல் போட்டார்கள். வாருகோலை அவன் விடவில்லை. கூரையில் ஆலங்கட்டி சரளைக்கல்லாக விழுந்தது. உள்ளே காய்ந்த புல்லின் வாசனை மூச்சு முட்டியது. முக்கால்வாசிக்கு மேல் உள்ளே வந்துவிட்டது. நனைந்தது மேற்கோடியில் ஒரு பட்டைதான். ஜோயானா தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டி ஒரு வாய் இழுத்துக்கொண்டது. அதன் நெற்றியில் சவேத்தா கையை வைத்தாள். எடுக்கவில்லை.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"மழை விழற வரைக்கும்னு சொன்னேன்" என்றாள் சவேத்தா.

"இந்தச் சத்தத்துல அவளுக்கு மழை எங்க கேக்கும்?" என்றாள் அனூட்சா. "போயி யாராவது நிறுத்துங்கப்பா. இல்லேன்னா பக்கத்து மாவட்டத்துலேருந்து தீயணைக்க ஆள் வரும்."

சிரிப்பு கொட்டகையை நிறைத்தது. யாரோ பிளம் சாராயக் குப்பியை எடுத்தார்கள். கிளிகோர் மட்டும் சிரிக்காமல் வாருகோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏ சவேத்தா. இதுல ஒரு பல்லு இல்லியே. கோடிக்கு அடுத்தது."

"ஆமா."

"எப்பலேருந்து? சொல்லியிருந்தா ஒரு பல்லு செதுக்கிப் போட்டிருப்பேன்ல?"

சவேத்தா அவன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். திறந்த கதவு வழியாக, வெள்ளையாகிப்போன சரிவுக்கு மேலே, கோயில் ஊசிமுனை தெரிந்தது.

"அது இருநூறு வருசமா இல்ல" என்றாள். "கால் சரியாகட்டும். நானே கூட்டிட்டுப் போயிக் காட்டறேன்."